மூலையில் ஒரு ஹெலி

பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் போவது ஒரு சீடிக் கடைக்கு. மட்டக்களப்பின் கல்லடியில், பிரதான வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. முன்னுக்குப் படச் சீடிகள். நடுவில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கும். சேலைக்குப் பின்னால் நான்கு கொம்பியூட்டர்களும் ஒரு பிளேஸ்டேஷன் 2-உம். மணித்தியாலத்துக்கு 30 ரூபா. 2005, 2006 அளவில் எங்கள் வீட்டுக் கணக்கில் அது சின்னக் காசு இல்லை. ஆனபடியால் விளையாடிய நேரத்தைவிடக் குந்திக்கொண்டு காத்திருந்த நேரம்தான் கூட.

காத்திருக்கிறவர்களுக்குக் கடைக்கார அண்ணன் ஒரு அல்பத்தைத் தூக்கித் தருவார். கல்யாணப் படங்கள் போடுகிற அதே அல்பம்தான். வெளியே தங்கநிறத்தில் இரண்டு இதயம். உள்ளே மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பதிலாகக் கேம் அட்டைப்படங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் பேனையால் எழுதிய இலக்கம். "அண்ணன், 47 போடுங்க" என்றால் 47-ஐப் போடுவார். சில படங்கள் கலர். கலர் மை தீர்ந்த மாதங்களில் வந்தவை போட்டோக்கொப்பி. எல்லாமே களவுக் கொப்பிதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரிஜினல் டிஸ்க் ஒன்றை நான் கையால் தொட்டது 26 வயதில், கொழும்பில்.

கதைச் சுருக்கம் எழுதியிருக்கும் பின்பக்க அட்டை அல்பத்தில் இருக்காது. இருந்திருந்தாலும் அந்த ஆங்கிலம் எங்களுக்கு ஓடியிருக்காது. எனவே முன்பக்கப் படம் ஒன்றுதான் கையிருப்பு. அதை வைத்து யார் நல்லவன், யாரைத் தேடிப் போகிறான், அந்த ஊரில் என்ன நடந்தது என்று நாங்களே ஒரு கதையைக் கட்டுவோம். முறை வந்து விளையாடத் தொடங்கியதும் கேமின் கதை வேறாக இருக்கும். பல தடவை எங்கள் கதைதான் நன்றாக இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தால் யாருக்கும் வரும்.

இப்போது நான் ஒரு அச்சகத்தில் டிசைன் செய்கிறேன். கோயில் திருவிழாப் பனர், கல்யாண அழைப்பிதழ், ரியூசன் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி. ஒரு படம் தெருவில் போகிறவனுக்கு இரண்டு செக்கனுக்குள் என்ன சொல்லும் என்பதுதான் என் சாப்பாடு. அந்தப் பாடத்தை எங்கே படித்தாய் என்று கேட்டால் அந்த அல்பத்தைத்தான் காட்டவேண்டும்.

அல்பத்தின் 12ஆம் இலக்கம் 'நீட் ஃபோர் ஸ்பீட்: மோஸ்ட் வோன்டட்'. 2005-இல் வந்தது. அட்டையில் ஒரு கார், பீஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர், வெள்ளி உடம்பில் நீலக் கோலம் போட்டது. பின்னால் பொலிஸ். ஓட்டுகிறவன் முகம் இல்லை. நாங்கள் நினைத்தது, இதுதான் நம்முடைய கார், ஏறி ஓடவேண்டியதுதான். கேம் தொடங்கும்போது அப்படித்தான் தருகிறார்கள். கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார்கள். பிறகு ரேசர் என்கிற ஒருவன் காரில் கள்ள வேலை பார்த்து நம்மைத் தோற்கடித்து அந்தக் காரையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு 15 பேர் கொண்ட கறுப்புப் பட்டியலில் ஒவ்வொருவராய் வென்று ஏறிப்போய்க் கடைசியில்தான் அதை மீட்கலாம். எங்களில் ஒருவனும் கடைசிவரை போனதில்லை. காசு முடியும், அல்லது கரண்ட் போகும். ஆனால் ஒவ்வொரு நாளும் அல்பத்தைத் திறந்தால் அந்தக் கார் அங்கே நிற்கும். பறிபோன பொருளை அட்டையில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது பிந்தித்தான். வாங்கும்போது அது பரிசு மாதிரித் தெரிகிறது. விளையாடத் தொடங்கியபின் அதே படம் கடன் மாதிரித் தெரிகிறது. ஒரு கோடுகூட மாற்றாமல் ஒரு படத்தின் அர்த்தத்தை மாற்றுவது என்றால் இதுதான். கார்ப் படம்தானே என்று விமர்சகர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. என் கணக்கில் இது முதல் பத்துக்குள்.

அட்டைப்படங்களின் பழைய வரலாற்றை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கூத்துக்களரி. அட்டாரி 2600 என்ற விளையாட்டுப் பெட்டி 1977-இல் வந்தது. அதன் திரையில் காட்டக்கூடியதெல்லாம் சதுரமும் கோடும்தான். ஆனால் பெட்டிகளின் மேலே கிளிஃப் ஸ்போன், சூசன் ஜேகல் போன்ற ஓவியர்கள் வரைந்த முழு வண்ணச் சித்திரங்கள். 1980-இல் வந்த 'அட்வென்ச்சர்' என்ற கேமை எடுங்கள். அதில் கதாநாயகன் ஒரு சதுரம். கூட்டிச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒரு சின்னச் சதுரம், அவ்வளவுதான். பறவைநாகம் (டிராகன்) என்று வருவது தாரா வாத்து மாதிரி இருக்கும். உலகம் முழுக்க அதைத் தாரா என்றுதான் இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார்கள். அட்டையிலோ கோட்டையும் சுற்றுவழியும் நெருப்பு நாகமும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரைக்கு முன்னால் இருந்த பிள்ளைக்குச் சதுரம் சதுரமாகத் தெரிந்திருக்காது.

என் பெரியப்பா வடமோடிக் கூத்து ஆடியவர். வட்டக்களரியில் அரண்மனை இல்லை, காடு இல்லை, கட்டில்கூட இல்லை. வெறும் மண், நடுவில் மத்தளத்தோடு கூத்தைப் பழக்கிய அண்ணாவியார். ராசாவை வெள்ளைத் துணியால் மறைத்துக் களரிக்குள் கொண்டுவருவார்கள். துணி விலகும். தலையில் முடி, இடுப்பில் கூடைபோல விரிந்த கரப்புடுப்பு. தான் இன்ன நாட்டு ராசா, தன் வீரம் இப்படிப்பட்டது என்று அவரே பாடி ஆடுவார். அதற்குப் பெயர் வரவு. கட்டியகாரன் வந்து ராசா வருகிறார் என்று கூறுவதும் உண்டு. வரவு முடிந்தபின் அதே மண் கொலுமண்டபமாகும், இன்னும் கொஞ்ச நேரத்தில் காடாகும், விடியப்புறம் போர்க்களமாகும். பார்க்க வந்த சனத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆள் யார், எந்த இடத்தான் என்று ஒரு தரம் ஒழுங்காகக் காட்டிவிட்டால் மிச்சத்தைச் சனம் தானே கட்டிக்கொள்ளும்.

அட்டாரிக் காலத்து அட்டைகள் செய்தது இந்த வரவைத்தான். பிறகு திரையிலேயே எல்லாவற்றையும் காட்டக்கூடிய காலம் வந்தது. மண்ணிலே அரண்மனை கட்டிவைத்த பிறகு வரவுக்கு என்ன வேலை? அட்டைப்படம் சோம்பேறியானது அங்கேதான் என்பது என் குற்றச்சாட்டு. 2000-க்குப் பிறகு எத்தனை அட்டைகளில் ஒரு ஆள் துவக்கோடு நேராக எங்களைப் பார்த்து நடந்து வருகிறான்! பின்னால் புகை, கொஞ்சம் நெருப்பு. எந்த நாடு, எந்தச் சண்டை, இவனுக்கு என்ன குறை, ஒன்றும் தெரியாது. எங்கள் அல்பத்தில் இப்படியான படங்களே மூன்று பக்கத்துக்கு இருந்தன. நாங்கள் அவற்றுக்குக் கதை கட்டியதே இல்லை.

துவக்கோடு ஒருவன் நிற்பதெல்லாம் பிழை என்று சொல்ல வரவில்லை. 1993-இல் வந்த 'டூம்' அட்டையைப் பாருங்கள். டொன் ஐவன் புன்ச்சாட்ஸ் வரைந்தது. ஒரு மேட்டின் உச்சியில் படைவீரன், கீழேயிருந்து நாலாபக்கமும் ஏறிவரும் பேய்கள், ஒரு பேய் அவன் கையையே பிடித்துவிட்டது. கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் ரொமேரோ, வந்த மொடல் சரியாக நிற்கவில்லை என்று தானே சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் துவக்கோடு நின்று காட்டியதாகச் சொல்லியிருக்கிறார். '10 இன் 1' டிஸ்க் ஒன்றின் உறையில் இந்தப் படம் சின்னதாக வந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மம்மா வாங்கிப் பார்த்தார். "சூரன்போரா மனே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மேலே ஒருவர், கீழே பல பேர், எல்லாக் கோடும் உச்சியை நோக்கி ஏறுகிறது. ஆங்கிலம் தெரியாத, கொம்பியூட்டரைத் தொடாத ஒரு மனுசிக்கு அந்தக் கேமின் முழுச் சங்கதியும் ஒரு பார்வையில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி 'இக்கோ'.

இதைப்பற்றி நான் யாரோடு கதைக்கத் தொடங்கினாலும் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2-க்கு 2001-இல் வந்த கேம். எங்கள் அல்பத்தில் கடைசிப் பக்கத்துக்கு முதல் பக்கத்தில் இருந்தது. கொம்பு முளைத்த ஒரு பொடியன், கையில் தடி, கணினியில் செய்த பொம்மை முகம். பார்த்தால் சின்னப் பிள்ளைகளின் கார்ட்டூன் சீடி போல. ஒருவனும் அந்த இலக்கத்தைச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. கடை பூட்டப்பட்டபோது அந்த டிஸ்கில் ஒரு கீறல்கூட இருந்திருக்காது.

பத்து வருசத்துக்குப் பிறகு, அச்சக வேலைக்கு வந்த புதிதில், ஒரு நாள் பின்னேரம் இணையத்தில் வேறு எதையோ தேடும்போது ஒரு ஓவியம் கண்ணில் பட்டது. மஞ்சள் வெயிலில் ஒரு வெறும் முற்றம். வளைவு வளைவாய்ச் சுவர்கள், ஒரு கோபுரம். நீண்டு விழுந்த நிழல்கள். அந்தப் பெரிய வெளியில், எறும்பு அளவில், ஒரு பொடியனும் ஒரு பெட்டையும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கீழே பெயரைப் பார்த்தேன். 'இக்கோ'. அதே கேம்.

நடந்தது இதுதான். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் போன பெட்டிகளில் இருந்தது கேமின் இயக்குநர் ஃபுமிடோ உவேதா தானே தீட்டிய படம். ஜோர்ஜியோ டி கிரிக்கோ என்ற இத்தாலிய ஓவியரின், முடிவிலியின் ஏக்கம் என்று பொருள்படும் பெயருள்ள ஓவியத்தைப் பார்த்து வந்த எண்ணம் அது. அமெரிக்காவில் கேம் முந்தி வெளியானது, அந்தத் திகதிக்குப் படம் ஆயத்தமாகவில்லை, எனவே அமெரிக்காவுக்கு வேறு அட்டை. எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது அந்த அமெரிக்கக் கொப்பி. அமெரிக்காவில் விற்பனை குறைந்ததற்கு அந்த அட்டையும் ஒரு காரணம் என்று சோனியின் ஜப்பான் ஸ்டூடியோ ஆட்களே பிறகு சொன்னார்கள். கல்லடியில் விற்பனை குறைந்ததற்கு நான் சாட்சி.

உவேதாவின் படத்தில் கொம்பு தெரியாது. தடி தெரியாது. எதிரி இல்லை. ஆனால் அந்தக் கேமில் என்ன செய்யப்போகிறோம் என்பது முழுக்க அதில் இருக்கிறது. இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பொடியன் கூப்பிடுவான், அவள் வருவாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடவேண்டும். கையைப் பிடிப்பதற்கென்றே ஒரு பட்டன். விட்டால் நிழல் உருவங்கள் வந்து அவளைத் தூக்கிப் போய்விடும். கோட்டையோ முடிவில்லாதது. அதனால்தான் ஆட்கள் அத்தனை சின்னன். முகம் தெரிந்தால் அது இருவரைப் பற்றிய கதையாகிவிடும். முகம் தெரியாததால் பிடித்திருக்கும் கைகளைப் பற்றிய கதையாக இருக்கிறது. அந்தப் பின்னேரம் எனக்கு வந்தது கோபம்தான். 2006-இல் இந்தப் படம் அல்பத்தில் இருந்திருந்தால் நான் கட்டாயம் அந்த இலக்கத்தைச் சொல்லியிருப்பேன்.

முகத்தை மறைப்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். ரியூசன் போஸ்டர் அடிக்க வரும் மாஸ்டர்மார் முதல் வார்த்தையாகச் சொல்வது, "தம்பி, முகம் பெருசாத் தெரியவேணும்." ஒரு போஸ்டரில் பாதிக்கு மேல் முகம் வந்தால் அவர் பெரிய மாஸ்டர், கால்வாசி என்றால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார் என்று அர்த்தம். பாடத்தின் பெயர் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும்.

ஒருமுறை ஒரு அக்கா தன் தகப்பனின் 31ஆம் நாளுக்குப் பனர் அடிக்க வந்தார். கைபேசியில் நிறையப் படங்கள் காட்டினார். அதில் ஒன்று, வயல் வரம்பில் அந்த மனிதர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பால் நடந்துபோகிறார், முதுகு மட்டும் தெரிகிறது, முன்னால் தூரத்துக்குப் பச்சை. நான் அதைத்தான் பெரிதாகப் போட்டேன், பெயரைக் கீழே சின்னதாய். அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்தார். சரி, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பின்னேரம் தம்பிமார் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "அப்பாட முதுகையா ஊருக்குக் காட்டப்போறீங்க?" கடைசியில் அடையாள அட்டைப் படம், பின்னால் முகில், இரண்டு வெள்ளைப் புறா. காசைத் தந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சனத்துக்கு இறந்தவர் யார் என்று தெரியவேண்டும். ஆனால் அந்த முதல் பனரை நான் இன்னும் அழிக்கவில்லை.

'ஃபைனல் ஃபேன்டசி 7' 1997-இல் வந்தபோது அமெரிக்க அட்டையில் கிளவுட் என்ற நாயகன் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறான். தோளுயரத்துக்கு ஒரு வாள், எதிரே ஷின்ரா நிறுவனத்தின் கோபுரம் வானத்துக்கு ஏறி நிற்கிறது. ஒருவன், ஒரு கட்டடம், இரண்டுக்கும் நடுவே பகை. அவன் எங்களைப் பார்க்கவில்லை, அவன் பார்ப்பதை நாங்களும் பார்க்கிறோம். ஜப்பானில் வெள்ளை அட்டையில் பெயர்ச்சின்னம் மட்டும்தான், அங்கே அந்தப் பெயரே போதுமாக இருந்தது.

அமெரிக்க வியாபாரிகளும் எங்கள் மாஸ்டர்மாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். 2013-இல் வந்த 'பயோஷொக் இன்ஃபினிட்' கேமின் கதை 1912-இல், முகிலுக்குள் மிதக்கும் ஒரு நகரத்தில் நடக்கிறது. அதைவிட வரைவதற்கு வேறு என்ன வேண்டும்? அட்டையில் துவக்கோடு ஒரு ஆம்பிளை, பின்னால் எரியும் கொடி. கதையின் உயிரான எலிசபெத் முன்பக்கத்தில் இல்லை. இந்தத் தொடரைக் கேள்விப்பட்டே இராத, எப்போதாவது கேம் வாங்குகிற பொடியன்மாரைப் பிடிக்கவே அப்படிச் செய்ததாக அதை உருவாக்கிய கென் லெவின் ஒளிக்காமல் சொன்னார். சத்தம் கிளம்பியதும் ரசிகர்களிடம் வாக்கெடுத்து, அட்டைத் தாளின் மறுபக்கத்தில் வேறு படம் அச்சடித்தார்கள். பிடிக்காதவர்கள் தாளைத் திருப்பிச் செருகிக்கொள்ளலாம். வாடிக்கையாளரையும் கோபிக்காமல் தன் மனதையும் கோபிக்காமல் செய்கிற வேலை இது. எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அதே வருசம் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' ஆட்களிடமும் எல்லி என்ற சிறுமியைப் பின்பக்கத்துக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவள் முன்பக்கத்தில், ஜோயலோடு, செடி மூடிய ஒரு பாழ் நகரத்துக்குள் நிற்கிறாள்.

நான் சொல்ல வந்தது ஹெலியைப் பற்றி.

'கிரான்ட் தெஃப்ட் ஓட்டோ' என்ற களவு, சண்டைக் கேமைச் சுருக்கி ஜிடிஏ என்போம். 'ஜிடிஏ 3' 2001-இல் வந்ததிலிருந்து அந்தத் தொடரின் அட்டைகளுக்கு ஒரு முறை உண்டு. பக்கத்தைச் சித்திரக்கதை போலக் கட்டங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம், ஒரு கார், ஒரு சண்டை. கோயில் பனரில் உபயகாரர் பத்துப் பேரின் முகத்தையும் கட்டம் கட்டமாகப் போடுவோமே, அதே வேலை. யாருக்கும் பெரிய இடம் இல்லை, எல்லோரும் சேர்ந்தால்தான் ஊர். நாயகன் யாரென்று படம் சொல்லாது. நகரம்தான் நாயகன் என்று சொல்லும். 2002-இன் 'வைஸ் சிட்டி'யில் பெயர் இளஞ்சிவப்பில் சரிந்து கிடக்கும், 1986 என்று எழுதாமலே 1986. அப்புறம் 'சான் அன்ட்ரியாஸ்' 2004, நான்காவது 2008, ஐந்தாவது 2013. எல்லாவற்றிலும் இடதுபக்க மேல் மூலையில் ஒரு ஹெலிகொப்டர் இருக்கும். ரசிகர்களுக்கு அது ஒரு விளையாட்டு, புதிய அட்டை வந்ததும் முதலில் மூலையைப் பார்ப்பார்கள்.

நாங்கள் சொல்வது ஹெலி. ஜிடிஏயில் குற்றம் கூடக்கூட நட்சத்திரம் ஏறும், மூன்றாவது நட்சத்திரத்தில் பொலிஸ் ஹெலி வந்துவிடும். அமெரிக்காவில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த மூலைப் படம் சொல்வது அதைத்தான். துரத்தல், பரபரப்பு, டிவிச் செய்தியில் பார்த்த காட்சி. நாங்கள் சேலைக்குப் பின்னால் இருந்து 'சான் அன்ட்ரியாஸ்' ஓட்டியது 2006, 2007 காலம். வாகரையில் சண்டை, தொப்பிகலையில் சண்டை என்று யுத்தச் செய்தி வந்துகொண்டிருந்த நாட்கள். விளையாட்டில் ஹெலி வரும்போதெல்லாம் கடைக்கார அண்ணன் எழுந்து வந்து ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைப்பார். குறைத்தும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். நின்றுவிட்டால் கேம். நிற்காவிட்டால் வெளியே. "ம், விளையாடுங்க" என்பார், அல்லது எல்லாக் கொம்பியூட்டரையும் நிப்பாட்டிவிட்டு, "வீட்ட போங்கடா" என்பார்.

வீட்டில் அம்மா வாசலில் நிற்பார். மழை இருட்டினால் கொடியில் காயும் துணிகளை எப்படி எடுப்பாரோ அப்படித்தான் எங்களையும் எடுப்பார். இரண்டு கையாலும், ஒன்றும் பேசாமல், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே.

அந்த அட்டையை வரைந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. படத்தில் ஒரு ஹெலியைப் போட்டால் பார்க்கிறவன் எந்த ஊர் வானத்தின் கீழ் நிற்கிறான் என்று எப்படித் தெரியும்? கட்டங்கள் நிறைந்த அந்த அட்டையில் மற்றப் பிள்ளைகளின் கண் முதலில் பொம்பிளையிலோ காரிலோ போய் விழும். எங்கள் கண் மூலைக்குப் போகும். அதனால் 'சான் அன்ட்ரியாஸ்' அட்டைக்கு நாங்கள் கட்டிய கதையில் எல்லோரும் ஹெலி போகும்வரை ஒளிந்திருந்தார்கள். கேமில் அப்படி ஒரு கதையே இல்லை.

இப்போது அல்பமும் இல்லை, டிஸ்கும் இல்லை. அக்காவின் மகன் கேம்களைத் தெரிவது கைபேசியில், சுண்டுவிரல் நகத்தளவுச் சதுரத்தைப் பார்த்து. அந்த இடத்தில் ஒரு முகம்தான் கொள்ளும். 2012-இல் 'கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்' வந்து வாயைப் பிளந்து கத்தும் முகத்தை வைத்தது, அதற்குப் பிறகு எல்லோரும் கத்துகிறார்கள். பப்ஜி மட்டும் கொஞ்சம் புத்திசாலித்தனமாக முகத்தையே மூடி ஒரு இரும்புத் தலைக்கவசத்தை வைத்தது. ஊர், காலம், எதிரே நிற்பது என்ன, இதற்கெல்லாம் அந்த நகத்தில் இடமில்லை. மருமகனிடம் கேட்டால், "கதையா மாமா? இறங்கிச் சுடவேண்டியதுதான்" என்கிறான். சரி.

போன மாதம் வந்தாறுமூலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். தானே ஒரு சின்னக் கேம் செய்கிறானாம். ஒரு பொடியன் தோணியில் இரவில் வாவிக்குள் போகிறான், பாடும் மீனின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறான், அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை. அட்டைப்படம் நான் செய்து தரவேண்டும். காசு தரமாட்டான் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நான் அரை நிமிசம்கூட யோசிக்கவில்லை.

தொடங்கிய பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. மட்டக்களப்பு என்றால் எல்லோரும் வரைவது பாதி மீன் பாதிப் பெண். அதைத் தவிர்த்தேன். கல்லடிப் பாலத்தை வைக்கலாம், நிலவில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் தோணியை விடுவது அதன் பக்கத்தில்தானே. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை பூரணை இரவுகளில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஆனால் எத்தனை பாலம் வரைவது? பழைய இரும்புப் பாலம் 1924-இல் திறந்தது. அது மட்டும் தனியே நின்றால் கதை 2013-க்கு முன் நடக்கிறது. பக்கத்தில் புதிய கொங்கிறீட் பாலத்தையும் வரைந்தால் அதற்குப் பிறகு. கடற்கரைப் பக்கம் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைத் தூரத்தில் வைத்தால் அதிலும் ஒரு கேள்வி, நேராக வரைவதா, சரித்து வரைவதா. 2004 சுனாமியில் சரிந்த கோபுரம் அது. நேராக வரைந்தால் அந்தப் பொடியனுக்கு இன்னும் சுனாமி வரவில்லை. எங்கள் ஊரில் பிறந்த எவனும் ஒரு கோபுரத்தின் சரிவைப் பார்த்தே கதையின் வருசத்தைச் சொல்லிவிடுவான், வெளியூரான் வரைந்தவனுக்குக் கை பிசகிவிட்டது என்று நினைப்பான். தம்பியிடம் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, "அண்ணன், ரெண்டு பாலமும் போடுங்க. இப்ப நடக்கிற கதைதான்" என்றான். கோபுரம் சரிந்தது.

படத்தில் பாதிக்கு மேல் இருண்ட தண்ணீர். மேலேயிருந்து பார்ப்பதுபோல. தோணி ஒரு நெல் அளவு. பொடியன் குனிந்து துடுப்பைக் காதில் வைத்திருக்கிறான், முகம் தெரியாது. நிலவை நான் வானத்தில் வரையவில்லை, தண்ணீரில் மட்டும் விட்டேன். அனுப்பினேன். அன்றிரவே பதில் வந்தது. நல்லா இருக்காம். ஒரே ஒரு சின்னத் திருத்தம்.

"அண்ணன், மேல இடப்பக்க மூலையில ஒரு ஹெலி போடுவீங்களா? ஜிடிஏ மாதிரி. சும்மா லக்குக்கு."

அவன் 2006-இல் பிறந்தவன். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். இரவு வாவி, இரண்டு பாலம், தனியே ஒரு தோணி, மேலே ஹெலி. அப்படி ஒரு படம் எங்களிடம் வந்திருந்தால் என்ன கதை கட்டியிருப்போம் என்று எனக்குத் தெரியும். அவனுடைய நண்பர்கள் அதில் ஜிடிஏயைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். கேட்டது அவன், கேம் அவனுடையது. வைத்தேன். ஆகச் சின்னதாய், ஒரு கடுகளவு, தண்ணீரின் நிறத்துக்கு ஒரு சொட்டுத்தான் கூடக் கறுப்பு.

அடுத்த நாள் காலை மேசையில் மடிகணினி திறந்தபடி இருந்தது. அம்மா தேத்தண்ணியோடு வந்தவர் நின்று படத்தைப் பார்த்தார். "இது நம்மட பாலமெல்லோ" என்றார். சந்தோசமாக இருந்தது எனக்கு. பிறகு குனிந்து மூலையைப் பார்த்தார்.

"என்ன மகன், இதுல ஊத்தை ஒண்டு."

சேலைத் தலைப்பை நாக்கில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். போகவில்லை. இன்னொருதரம் அழுத்தித் துடைத்தார்.